எஃப்-150 வாங்கப் போகிறேன்: எக்ஸ்எல்டி போதுமா, லேரியட் வரை போகலாமா?

கேட்டிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். பதினோரு வருடமாக மினிவேன்தான் ஓட்டுகிறேன். போன வருடம் நண்பர் ஒருவர் ஊரைக் காலி செய்து போனபோது அவருடைய 24 அடி ட்ராவல் ட்ரெய்லரை (உள்ளே தங்கிக்கொள்ளும் இழுவை வீடு) வாங்கிக்கொண்டோம், அதை இழுக்க ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அவர் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார் என்றாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் இந்த வருடம் சொந்தமாக ஒரு பிக்கப் என்று வீட்டில் பேசி முடிவு செய்தாயிற்று. ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு சூப்பர்க்ரூ கேபின், 3.5 ஈக்கோபூஸ்ட் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். இதுவரைக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் ட்ரிம்மில்தான், அதாவது ஒரே மாடலில் எந்த வசதி நிலையை எடுப்பது என்பதில். எக்ஸ்எல், எஸ்டிஎக்ஸ், எக்ஸ்எல்டி, லேரியட், கிங் ரேஞ்ச், பிளாட்டினம் என்று ஏணி மாதிரி போகிறது. கடைசி இரண்டும் என் கைக்கு எட்டாது. எக்ஸ்எல்டிக்கும் லேரியட்டுக்கும் நடுவில் நிற்கிறேன். நான் பார்த்த இரண்டு வண்டிகளுக்கும் விலை வித்தியாசம் சரியாக 11,000 டாலர். லேரியட்டில் தோல் இருக்கை, முன் இருக்கைகளுக்குக் கீழிருந்து குளிர்காற்று, கூரை முழுக்கக் கண்ணாடி, 20 அங்குலச் சக்கரம், கதவைத் திறந்தால் தானே இறங்கி வரும் படி. எக்ஸ்எல்டியில் துணி இருக்கை, படி நிலையானது. திரை இரண்டிலும் 12 அங்குலம்தான், 2024 மாடலிலிருந்து கீழ் ட்ரிம்முக்கும் அதே திரையைக் கொடுத்துவிட்டார்கள்.

விற்பனையாளர் சொல்வது இதுதான்: "இரண்டும் ஒரே எஞ்சின், ஒரே ஃப்ரேம், இழுக்கும் திறனில் வித்தியாசமே கிடையாது, மாதத்துக்கு 200 டாலர்தான் கூடும், பத்து வருடம் வைத்திருக்கப் போகிற வண்டியில் ஏன் கஞ்சத்தனம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தினமும் வேலைக்கு 30 மைல் போக, 30 மைல் வர. மாதம் ஒரு முறை ட்ரெய்லரோடு வெளியே போவோம், கால்வெஸ்டன், கார்னர் பார்க், ஒரு முறையாவது பிக் பெண்ட். நானும் மனைவியும், 11 வயதுப் பையன், 8 வயதுப் பெண். அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தால் ஆறு மாதம் எங்களோடு இருப்பார், அவருக்கு முழங்கால் வலி, உயரமான வண்டியில் ஏறுவது பெரும்பாடு. அதனால்தான் அந்த இறங்கி வரும் படி மேல் எனக்கு ஒரு கண்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். 11,000 டாலருக்கு லேரியட் தகுமா?

---

பழைய ட்ரக்:

தம்பி, ட்ரிம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மறுபடியும் அந்தக் கடைக்குப் போய் இரண்டு வண்டியிலும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கிற மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். "பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது" என்று ஒரு எண் இருக்கும். அதுதான் அந்த வண்டியின் பேலோடு. அந்த மாடலுக்குப் பொதுவாகச் சொல்லும் எண் அல்ல, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த ஒரு வண்டிக்கு உரிய எண். பக்கத்தில் அதே நிறத்தில் நிற்கும் இன்னொரு வண்டியில் அது வேறாக இருக்கும்.

விற்பனையாளர் சொன்னது பாதி உண்மை. எஞ்சின் ஒன்றுதான், அது இழுக்கும். ஆனால் வண்டி மொத்தமாக எவ்வளவு எடை வரை போகலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு, பேலோடு என்பது அந்த வரம்பில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவது. கூரைக் கண்ணாடி, மோட்டார் வைத்த இருக்கை, மோட்டார் வைத்த படி, பெரிய சக்கரம் எல்லாம் எடைதான். ட்ரிம் ஏற ஏற வண்டி கனக்கும், நீங்கள் ஏற்றக்கூடியது குறையும். ஏணியில் மேலே ஏறினால் எல்லாமே கூடும் என்று நினைக்கிறோம், இந்த ஒரு விஷயம் மட்டும் இறங்கும். ட்ரெய்லர் இழுக்கிறவனுக்கு அந்த ஒரு விஷயம்தான் முக்கியம்.

ஏனென்றால் ட்ரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் நிற்பதில்லை. முன்பக்கம் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல், ஒரு பங்கு அழுத்தும், டங் வெயிட் என்பார்கள், ட்ராவல் ட்ரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். அதைவிடக் குறைந்தால் வால் ஆடும். அந்த எடை உங்கள் பேலோடில்தான் கழியும். எஃப்-150 விளம்பரத்தில் 13,500 பவுண்டு இழுக்கும் என்று போடுகிறார்கள். அதில் 10 சதவீதம் என்று வைத்தாலே 1,350 பவுண்டு. கதவில் 1,400 என்று எழுதியிருக்கிற வண்டியில் மிச்சம் 50 பவுண்டு, ஓட்டுகிறவரே ஏற முடியாது!

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. 2016-ல் வேறொரு கம்பெனியின் மேல் ட்ரிம் வண்டி, நன்றாக ஜொலிக்கும், அதில் ட்ரெய்லரை மாட்டி சான் அன்டோனியோவைத் தாண்டி ஐ-10-ல் மேற்கே போய்க்கொண்டிருந்தேன். ஜங்ஷன் ஊருக்கு முன்னால் மேடும் பள்ளமுமாக வரும், ஒரு இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போன காற்றில் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது, வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்தில் பிடிப்பே இல்லாத மாதிரி ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. பின் இருக்கையில் என் மகள். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி எப்படியோ ஓரம் கட்டினேன். அடுத்த ஊரில் லாரி எடை போடும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் பேலோடை 400 பவுண்டுக்கு மேல் தாண்டியிருந்தேன். வண்டியில் கோளாறு இல்லை, கதவில் எழுதியிருந்ததை நான் ஒரு நாளும் படிக்கவில்லை. இன்றைக்கும் அந்த இறக்கத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ட்ரெய்லரின் வெற்று எடையைப் பார்க்காதீர்கள், தண்ணீர், கேஸ், பாத்திரம், துணி எல்லாம் ஏற்றிய பிறகு உள்ள எடையைப் பாருங்கள். அதில் 13 சதவீதம். அதோடு குடும்பத்தின் எடை, அம்மாவையும் சேர்த்து. அதோடு ஹிட்ச், எடையைப் பகிர்ந்து கொடுக்கும் வகை என்றால் அதுவே 100 பவுண்டு வரும். அதோடு பின்னால் போடும் சைக்கிள், ஐஸ் பெட்டி. கூட்டி வந்த எண்ணைக் கதவு எண்ணோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் டேங்க் நிறைந்த கணக்கில்தான் அந்த எண் எழுதப்பட்டிருக்கும், அதை மறுபடி சேர்க்க வேண்டாம்.

அப்புறம் அந்த 200 டாலர். 11,000-க்கு டெக்சஸ் வரி 6.25 சதவீதம் சேர்த்தால் 11,688. வட்டி 6.9 என்று வைத்து 72 மாதம் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 14,300. மாதக் கணக்கில் பேசுகிறவரிடம் மொத்தக் கணக்கில் பதில் சொல்லுங்கள்.

---

ஆலமரத்தடி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பியர்லேண்டில் இருக்கிறேன், மூன்று வருடமாக லேரியட் ஓட்டுகிறேன், ஒரு நாளும் எதையும் இழுத்ததில்லை. எனக்கு அது தகும் அண்ணா, ஒவ்வொரு டாலரும் தகும். ஆகஸ்ட் மாதம் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியில் பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் குளிர்காற்று இருக்கையின் அருமை. ஏசி கேபினைக் குளிர்விக்க ஐந்து நிமிடம் எடுக்கும், முதுகுக்கு அந்த இருக்கை உடனே தரும். தினமும் 60 மைல் ஓட்டுகிறவர் நீங்கள், மாதம் ஒரு முறை போகிற பயணத்துக்காக மீதி 29 நாளையும் மறந்துவிடாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயம். தோல் இருக்கைக்காக மட்டும் மேலே போகிறீர்கள் என்றால் வேண்டாம். துணி இருக்கைக்கு வெளியில் தோல் தைத்துப் போடுகிற கடைகள் இங்கே நிறைய இருக்கின்றன, இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருப்பதால் அதற்கு ஏற்ற தையல்தானா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். கூரைக் கண்ணாடியும் நம் வெயிலுக்கு அவ்வளவு தேவை இல்லை. நான் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் ஓட்டுகிறேன், மழை நாளில் பிள்ளைகள் திறக்கச் சொல்லி அண்ணாந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, எக்ஸ்எல்டி என்றால் ஒரே வண்டி என்று நினைக்காதீர்கள். 300ஏ, 301ஏ, 302ஏ என்று எண் போட்டு அதற்குள்ளேயே தொகுப்புகள் உண்டு. 302ஏ எடுத்தால் சூடாகும் இருக்கை, தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்யும் வசதி எல்லாம் வந்துவிடும். வெயிலில் நிற்கிற வண்டியைக் கட்டிடத்துக்குள் இருந்தே ஸ்டார்ட் செய்து ஏசி ஓடவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடையில் நிற்கிற வண்டியின் ட்ரிம் பெயரைக் கேட்காதீர்கள், கண்ணாடியில் ஒட்டியிருக்கிற விலைப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். நான் பார்த்த ஒரு எக்ஸ்எல்டியில் ட்ரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரே இல்லை, கேட்டால் "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்றார்கள்.

---

சுகர்லேண்ட் சமையல்:

நான் விருந்துகளுக்குச் சமைத்து எடுத்துப் போகிறவன், என் தேவை வேறு. எக்ஸ்எல், பின்சக்கர இயக்கம், ஆறரை அடிப் படுக்கை (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதி). தரையில் கம்பளம் கிடையாது, வினைல். சாம்பார் அண்டா சாய்ந்தால் ஹோஸ் பைப்பில் கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டிக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 179 பிரிவில் வரிச்சலுகை உண்டு, ஆனால் பின்படுக்கையின் உள்நீளம் ஆறு அடியாவது இருந்தால்தான் எஸ்யுவிகளுக்குப் போடும் உச்சவரம்பு பொருந்தாது. எஃப்-150-ல் ஐந்தரை அடிப் படுக்கையும் உண்டு, ஆறரை அடியும் உண்டு. அந்த ஒரு அடி வரிக்கணக்கில் பெரிய தொகை. பாதிக்கு மேல் தொழிலுக்கு ஓட வேண்டும், உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டிவாசிக்கு: வீட்டு உபயோகத்துக்குக் கடனில் வாங்குகிறீர்கள் என்றால் 2025 முதல் 2028 வரை அமெரிக்காவில் இறுதி அசெம்பிளி ஆன புது வண்டியின் கடன் வட்டியில் வருடம் 10,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், கணவன் மனைவி சேர்ந்த வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் குறைய ஆரம்பிக்கும். எஃப்-150 டியர்பார்னிலும் கன்சாஸ் சிட்டி பக்கமும் செய்கிறார்கள், அதனால் கவலை இல்லை. வேறு கம்பெனி பார்ப்பதாக இருந்தால் ஒரே மாடல் இரண்டு நாட்டிலும் தயாராகலாம், கதவு ஸ்டிக்கரில் வண்டியின் அடையாள எண் (விஐஎன்) 1, 4, 5 அல்லது 7-ல் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கராஜையும் அளந்துகொள்ளுங்கள். சூப்பர்க்ரூவில் ஐந்தரை அடிப் படுக்கையே 19 அடிக்கு மேல், ஆறரை அடி எடுத்தால் 20 அடியைத் தாண்டும்.

---

கேட்டிவாசி:

எல்லோருக்கும் நன்றி. பழைய ட்ரக் அண்ணா, நேற்று சாயங்காலம் போய் இரண்டு கதவையும் திறந்து பார்த்தேன். விற்பனையாளர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன், பிறகு அவரும் குனிந்து படித்தார்.

எக்ஸ்எல்டி: 1,780. லேரியட்: 1,410.

என் கணக்கு: ட்ரெய்லர் ஏற்றிய நிலையில் 6,300, அதில் 13 சதவீதம் 819. நாங்கள் நால்வரும் அம்மாவும் 585. ஹிட்ச் 100. பின்னால் போடும் சாமான் 200. ஆக 1,704. எக்ஸ்எல்டியில் 76 பவுண்டு மிச்சம், லேரியட்டில் வரம்பைக் கிட்டத்தட்ட 300 பவுண்டு தாண்டிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகு லேரியட் என்ற பேச்சே வீட்டில் இல்லை.

ஆனால் புதுக் குழப்பம். அதே கடையில் பவர்பூஸ்ட் ஹைப்ரிட் ஒன்று எக்ஸ்எல்டியிலேயே நிற்கிறது. 430 குதிரைத்திறன், வண்டியிலேயே ஜெனரேட்டர். 2024 ஜூலையில் பெரில் புயலில் எங்கள் தெருவில் ஆறு நாள் மின்சாரம் இல்லை, அம்மா அப்போது இங்கேதான் இருந்தார், இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். அதை நினைத்தால் இதையே வாங்கிவிடலாமா என்று தோன்றுகிறது.

---

கொட்டும் மழை:

நான் வைத்திருக்கிறேன், அதனால் பேசலாம். பவர்பூஸ்டில் 2.4 கிலோவாட் அடிப்படையாக வரும், 7.2 கிலோவாட் தனியாகக் காசு கொடுத்து எடுக்க வேண்டும், நிற்கிற வண்டியில் எது என்று பாருங்கள். 7.2-ல் 240 வோல்ட் ப்ளக் இருக்கும். பெரிலின்போது ஃப்ரிட்ஜ், விளக்கு, விசிறி, ஒரு அறைக்கு ஜன்னல் ஏசி எல்லாம் ஓடின. 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சஸ் இருண்டபோது கடைகளில் நின்ற இந்த வண்டிகளை மக்களுக்குக் கடனாகக் கொடுக்கச் சொல்லி ஃபோர்டே கேட்டுக்கொண்டது, அப்போதுதான் எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. வண்டி வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும், கராஜுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். வீட்டு ஒயரிங்கில் இணைப்பதாக இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்று சுவிட்ச் போட்ட பிறகுதான், இல்லையென்றால் கம்பத்தில் வேலை செய்கிற ஆளுக்கு ஆபத்து.

ஆனால் உங்கள் கணக்குக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன். பேட்டரியும் மோட்டாரும் எடை. என் வண்டிக் கதவில் 1,520 என்றுதான் இருக்கிறது, என்னிடம் சின்ன படகு மட்டும் இருப்பதால் கவலையில்லை. நீங்கள் எக்ஸ்எல்டி 3.5 வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல ஜெனரேட்டர் ஒன்று தனியாக வாங்குங்கள். இன்சுலினுக்குச் சின்ன ஜெனரேட்டரே போதும்.

---

பழைய ட்ரக்:

கொட்டும் மழை சொன்னதுதான் சரி. 76 பவுண்டு மிச்சம் என்பது எனக்குப் போதாது தம்பி. பையனுக்கு 11 வயது, இரண்டு வருடத்தில் அவன் மட்டுமே 40 பவுண்டு கூடுவான். நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் வேண்டுமா? கேட்டியிலிருந்து வேலைக்குப் போகத் தேவையில்லை, கார்னர் பார்க்குக்குத் தேவையில்லை. கால்வெஸ்டன் மணலிலும் பிக் பெண்டின் மண் பாதையிலும் உதவும், அங்கேயும் ட்ரெய்லரைக் கழற்றி வைத்த பிறகுதானே போவீர்கள். பின்சக்கர இயக்கம் மட்டும் எடுத்தால் வண்டி கிட்டத்தட்ட 200 பவுண்டு இலகுவாகும், அதில் பெரும்பகுதி உங்கள் பேலோடுக்கு வரலாம், விலையும் இறங்கும். இழுப்பதற்கான பேக்கேஜ், பிரேக் கன்ட்ரோலர், 3.55 அல்லது 3.73 பின்அச்சு விகிதம், இந்த மூன்றையும் மட்டும் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் பொதுவாகச் சொல்கிறேன், ட்ரிம் என்பது எப்போதும் இருக்கையோடு நிற்பதில்லை. டொயோட்டா டன்ட்ராவில் அடிமட்ட ட்ரிம் எஸ்ஆர் எடுத்தால் எஞ்சினே 348 குதிரைத்திறன், அதற்கு மேல் எஸ்ஆர்5-லிருந்து 389. அங்கே ஒரு படி ஏறுவதில் அர்த்தம் இருக்கிறது. எஃப்-150-ல் எக்ஸ்எல்டியிலேயே நீங்கள் கேட்கிற எஞ்சின் கிடைக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடும் அறையில் கண்ணாடிப் பூச்சு, டயரில் நைட்ரஜன், பாதுகாப்புத் திட்டம் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மினிவேனைக் கொடுத்து மாற்றுவதாக இருந்தால் அதன் விலையைக் கழித்த மீதிக்குத்தான் டெக்சஸில் வரி, அதையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

---

கேட்டிவாசி:

முடிந்தது. எக்ஸ்எல்டி 302ஏ, பின்சக்கர இயக்கம், 3.5, இழுக்கும் பேக்கேஜோடு. நாங்கள் கேட்ட மாதிரி அந்தக் கடையில் இல்லை, சான் அன்டோனியோ பக்கம் ஒரு கடையில் இருந்தது, போனில் கதவு ஸ்டிக்கர் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் கிளம்பினேன். 1,965.

அம்மாவையும் கூட்டிப் போனேன். நிலையான படியில் ஒரு கால் வைத்து, தூணில் இருக்கிற கைப்பிடியைப் பிடித்து, இரண்டாவது முயற்சியில் ஏறிவிட்டார். இறங்கி மறுபடி ஏறிக் காட்டினார். "இது அகலமா இருக்கு, கால் வழுக்காது" என்றார், அந்த மோட்டார் படியை விட இதுவே அவருக்குப் பிடித்திருக்கிறது. கார்னர் பார்க்கில் நவம்பருக்கு இடம் போட்டாயிற்று. கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றி லாரி எடைமேடையில் ஒரு முறை நிறுத்தி, வந்த எண்ணை இங்கே போடுகிறேன். எடை பகிரும் ஹிட்ச்சில் எந்த வகை நல்லது என்று யாராவது சொன்னால் அடுத்த வாரமே வாங்கிவிடுவேன்.